லூக்கனுக்கும் மோறிங்குக்கும் என்ன முறை?

செத்தவர்களைத் தேடிக் கொடுக்கிற வேலையில் ஒரு வசதி இருக்கிறது: தேடப்படுகிறவர் ஒருநாளும் குறை சொல்ல வரமாட்டார். கரைச்சல் எல்லாம் தேடி வருகிற உயிருள்ளவர்களால்தான்.

நான் இந்த வேலைக்கென்று போகவில்லை. ஜெர்மனியில் வெஸ்ட்பாலியாப் பக்கத்தில் நாங்கள் இருக்கிற கிராமத்தில் பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் ஊர்ச் சரித்திரச் சங்கம் நடக்கிறது. அதைக் கூட்டித் துடைக்கிற மினிஜொப்புக்குத்தான் போனேன். மகள் கின்டர்கார்டனில் இருக்கிற நேரத்துக்குள் முடிக்கிற வேலை, ஆரோடும் கதைக்கத் தேவையில்லை என்று இவர், என் கணவர், சொன்னார். அதுதான் எனக்கும் பிடித்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். புது ஆக்களைக் கண்டால் கூட்டுகிற தும்புத்தடிக்குப் பின்னால் ஒளிக்கலாமா என்று பார்க்கிறவள்.

சங்கத்தை நடத்துகிறவர் பிறாவ் கெம்பர், ஓய்வுபெற்ற ஆங்கில ரீச்சர்; பிறாவ் என்றால் இங்கே திருமதி. அவருக்கு முழங்கால் நோ. மேல்தட்டுப் பெட்டிகளை இறக்க என்னைக் கூப்பிட்டார். பிறகு வருகிறவர்களுக்குக் கோப்பி ஊற்றச் சொன்னார். பிறகு, தான் வரும்வரைக்கும் அவர்களோடு கொஞ்சம் இரு என்றார். வருகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்கள். அவர்களுடைய பூட்டனோ, தாத்தாவின் தாத்தாவான ஓட்டனோ இந்தப் பக்கத்து வயல்களில் கூலி வேலை செய்து, வயிறு நிறையாமல் கப்பலேறிப் போய் அங்கே காணி வாங்கிக் கமம் செய்தவர்கள். சமைக்கப் போன இடத்தில் பிள்ளை பார்க்கவும், பிள்ளை பார்க்கப் போன இடத்தில் நாயை உலாத்தவும் மாட்டுப்பட்ட ஆக்கள் இதை வாசிக்கிற உங்களிலும் இருப்பார்கள். உங்களுக்கு விளங்கும் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன். எனக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை.

பூங்கொத்தோடு வந்தவர்

டேல் லூக்கன் கையில் பூங்கொத்தோடு வாசலில் நின்றார். மிசூரியில் கமம் செய்து ஓய்ந்த, எழுபது தாண்டிய மனிதர். பூ எனக்கென்று நினைத்து நான் கையை நீட்டிவிட்டேன். அது அவருடைய ஓட்டனின் தாய் தகப்பனுக்கு.

அவருடைய பிரச்சினை இதுதான். மிசூரியில் ஒரு சோளக் காணியின் மூலையில் சின்ன இடுகாடு ஒன்று இருக்கிறது. அதில் முதல் முதல் புதைக்கப்பட்டவர்கள் இரண்டு பேர்: ஜோசப் லூக்கன், ஹைன்றிக் மோறிங். நாங்கள் இருக்கிற இந்தக் கிராமத்திலிருந்து ஒரே கப்பலில் போனவர்கள். ஜோசப், டேலின் ஓட்டன். ஹைன்றிக், இப்போது அந்தக் காணியை வைத்திருக்கிற கரோல் மோறிங்கின் ஓட்டன். இரண்டு பேரும் அண்ணன் தம்பி என்பது டேல் வீட்டுக் கதை. கரோல் நம்பவில்லை. பேர் வேறு வேறாக இருக்க எப்படி அண்ணன் தம்பி, உங்கள் ஆள் எங்கள் ஆளிடம் சம்பளத்துக்கு நின்றவராக இருக்கும், இது குடும்ப இடுகாடு என்று கேற்றைப் பூட்டிவிட்டார். டேலின் அக்கா ரூத் கடும் வருத்தமாக, இனித் தேறமாட்டார் என்ற நிலையில் படுத்திருக்கிறார். அவருடைய தாயும் தகப்பனும் அந்தக் கேற்றுக்கு உள்ளேதான் கிடக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் போகவேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று ரூத் கேட்கிறார். அண்ணன் தம்பி என்று காட்டு, திறக்கிறேன் என்று கரோல் சொல்லியிருக்கிறார்.

டேல் நினைத்தது லேசான வழி. எங்கள் ஊர்த் தேவாலயத்துக்குப் பின்னால் போனால் அந்தக் காலத்துக் கல்லறை இருக்கும், அதில் பிள்ளைகளின் பேர் வெட்டியிருக்கும். நான் கூட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு கல்லாகக் குனிந்து குனிந்து பார்த்தார். எல்லாம் பளபளவென்று புதுக்கல். இந்த ஊரில் முந்தி ஆரும் சாகவில்லையா என்று என்னைக் கேட்டார். எனக்கும் அதே சந்தேகம் முந்தியே வந்தது, கேட்கக் கூச்சமாக இருந்தது. இருபது முப்பது வருசம் போனால் கல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று பிறாவ் கெம்பர் வந்து விளங்கப்படுத்தினார். டேல் தொப்பியைக் கழற்றி, திரும்பப் போட்டு, திரும்பக் கழற்றினார். கடைசியில் பூங்கொத்தைத் தண்ணீர்க் குழாயடியில் வைத்தார். பிறாவ் கெம்பர் ஆறுதலாகத்தான் சொன்னார்: “இஞ்சை செத்த ஆக்களும் வாடகைக்குத்தான் இருக்கினம், மிஸ்டர் லூக்கன். உங்கடை ஆக்களின்ரை தவணை எப்பவோ முடிஞ்சுது.”

முட்டைக்காரரின் வீடு

ஊர் விளிம்பில் ஒரு பண்ணையில் நான் முட்டை வாங்குகிறனான். ஊர்ச்சனம் எல்லாம் அதை மோறிங் வீடு என்று சொல்லும். மணியடிக்கிற இடத்தில் வேறு பேர் எழுதியிருக்கும். வந்த புதிதில் நான் அங்கே இரண்டு குடும்பம் இருக்கிறதாக்கும், ஒன்று முட்டை விற்கிறது, மற்றது வெளியில் வராது என்று நினைத்திருந்தேன்.

மோறிங் என்று டேல் சொன்னதும் எனக்கு முட்டைதான் ஞாபகம் வந்தது. பிறாவ் கெம்பருக்கு இதில் ஒரு அதிசயமும் இல்லை. இந்தப் பக்கத்தில் முந்தி அப்படித்தானாம். பண்ணைக்கு ஒரு பேர் உண்டு. பண்ணை மகளைக் கட்டிக்கொண்டு உள்ளே போகிற மாப்பிள்ளை, தன் பேரை வாசலில் விட்டுவிட்டுப் பண்ணையின் பேரை எடுத்துக்கொள்வார். ஆகவே ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு இரண்டு பேர் இருக்கலாம். டேல் எழும்பி நின்றுவிட்டார். அப்படியென்றால் அண்ணன் தம்பியாக இருக்கலாம்தானே என்றார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், தேடிப் பார்த்துத்தான் சொல்லுவேன் என்று பிறாவ் கெம்பர் சொன்னார். அது ஜெர்மன்காரரின் வழக்கமான பதில், உங்களுக்குத் தெரியும்.

அன்று பின்னேரம் முட்டை வாங்கப் போனபோது எப்படியோ தைரியம் வந்து, அவருடைய சரியான பேர் எது என்று அந்த மனிதரிடமே கேட்டுவிட்டேன். முட்டையைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே சொன்னார்: “மோறிங் எண்டது வீடு. நான் அதுக்குள்ளை இருக்கிறன். கடுதாசிக்காரன் மட்டும் என்ரை பேரைக் கேப்பான்.”

மூன்று அந்நியர்

தேடுகிற வேலை மெல்ல மெல்லத்தான் நடக்கும். டேல் ஊர் விடுதியில் அறை எடுத்துக்கொண்டு நின்றார். நாள் முழுக்க எங்களோடு இருப்பார். எனக்குக் கொஞ்ச ஆங்கிலம், அவருக்குக் கொஞ்சமும் ஜெர்மன் இல்லை, மிச்சத்தைக் கைத்தொலைபேசி மொழிபெயர்க்கும். ஒருநாள் மகளுக்குச் சளி, கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பொழுது போகட்டும் என்று டேல் ஒரு கடுதாசியில் எங்கள் குடும்ப மரத்தைக் கீறத் தொடங்கினார்.

என் குடும்பப் பேர் என்ன என்று கேட்டார். செல்வராசா என்றேன், அது அப்பாவின் பேர். கணவரின் குடும்பப் பேர்? நடராசா, அது மாமாவின், இவருடைய அப்பாவின் பேர். சரி, அப்போ மகளும் நடராசா என்று எழுதப் போனார். இல்லை, மகள் சசிகரன் என்றேன். அது எங்கேயிருந்து வந்தது என்றார். சசிகரன்தான் இவருடைய பேர். பதிவு செய்கிற இடத்தில் இருந்த மனிசியோடு வாதாடி இவர் அப்படிப் பதிந்துகொண்டு வந்தவர். டேல் மூன்று பெட்டி கீறி, மூன்றுக்குள்ளும் மூன்று பேர் எழுதி, எதிலிருந்து எதுக்குக் கோடு இழுப்பது என்று தெரியாமல் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். மகள் அந்தக் கடுதாசியில் ஒரு பூனை கீறினாள். டேல் பூனையைப் பார்த்து, என்னைப் பார்த்து, மெதுவாகச் சொன்னார்: “இந்தப் படத்தின்படி உங்கடை வீட்டிலை மூண்டு அந்நியர் ஒண்டாயிருந்து சாப்பிடினம்.”

கடைக்கார அக்கா

சனிக்கிழமை தமிழ்க் கடைக்குப் போனால் கடைக்கார அக்கா விடமாட்டா. கல்லாவுக்குப் பின்னால் இருந்துகொண்டு எல்லாருடைய வேலையையும் விசாரிப்பா. நான் வேலையைச் சொல்ல, அவவுக்கு நம்பிக்கை வரவில்லை. இருநூறு வருசத்துக்கு முந்தின வெள்ளைக்காரன் ஆருக்கு ஆர் பிள்ளை என்று தேடவும் ஜெர்மனியில் ஆள் வைக்கிறார்களா என்று கேட்டா. அப்படியில்லை அக்கா, நான் துடைக்கிறதுக்குத்தான் என்று சொன்னேன். துடைக்கிறவளுக்கு ஏன் உந்தப் பழங்கதை என்றா.

பின்னால் வரிசையில் நின்ற ஆக்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. வாங்க வந்த கத்தரிக்காயை மறந்து, வேண்டாத அப்பளம் இரண்டு பக்கெற்றை எடுத்து வைத்தேன். அக்கா அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னா: “பிள்ளை, முதல்லை என்ரை அப்பப்பான்ரை காணிக்கு ஆர் ஆர் பங்காளி எண்டு தேடித் தா. பிறகு வெள்ளையளிட்டைப் போகலாம்.”

விரல் வைத்துப் பார்த்தேன்

அந்தக் கிழமை பிறாவ் கெம்பருக்கு முழங்காலுக்கு டொக்டரிடம் ஒரு தெர்மின். அவர் போகும்போது, வேலை முடிகிற கட்டம், பின்னேரம் வந்து சொல்கிறேன் என்றார். அவர் கண்டுபிடித்ததை எல்லாம் பெரிய தாளில் கோடு போட்டு மேசையில் வைத்திருந்தார். டேல் மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ரூத்துக்கு இரவு மூச்சு எடுக்கக் கஷ்டமாக இருந்ததாம், காலமை போன் எடுத்திருக்கிறார்கள். பின்னேரம்வரைக்கும் பொறுக்க ஏலாது, இதில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கோ என்று என்னிடம் கேட்டார்.

நான் கையைத் துடைத்துவிட்டு விரல் வைத்துப் பார்த்தேன். மேலே ஒரு லூக்கன் கிழவர். அவருக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவர் மோறிங் பண்ணை மகளைக் கட்டி மோறிங் ஆகிவிட்டார், அவருடைய மகன் ஹைன்றிக். இளையவர் லூக்கனாகவே இருந்துவிட்டார், அவருடைய மகன் ஜோசப். எனக்கு ஒரு குழப்பமும் வரவில்லை. அந்தக் கட்டடத்தில் எனக்குக் குழப்பம் வராத ஒரே தாள் அதுதான். சகோதரமோ என்று டேல் கேட்டார். ஓம், ஹைன்றிக் அண்ணன், ஜோசப் தம்பி என்றேன். நிச்சயமோ என்றார். நிச்சயம் என்றேன்.

டேல் கதிரையில் இருந்து கண்ணைத் துடைத்தார். பிறகு, அங்கே விடியாவிட்டாலும் நித்திரையில்லாமல் கிடந்த ரூத்துக்கு எடுத்து, எனக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். அந்தப் பக்கம் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு ரூத் சொன்னார்: “நல்லது. இனி எந்தச் சட்டையோடை போறது எண்டு மட்டும் யோசிச்சாப் போதும்.”

கட்டக்கூடியவரும் கட்டக்கூடாதவரும்

பின்னேரம் பிறாவ் கெம்பர் வந்தார். நான் சந்தோசமாக விசயத்தைச் சொன்னேன். அவர் கோட்டைக் கழற்றாமல் அப்படியே நின்றார். அவர்கள் சகோதரர் இல்லை, கசின் என்றார். நான் தாளைக் காட்டினேன். அவரும் அதே தாளைக் காட்டினார். இரண்டு பேரின் விரலும் ஒரே இடத்தில்தான் நின்றது.

ஹைன்றிக் ஜோசப்புக்குப் பெரியப்பாவின் மகன், பெரியப்பாவின் மகன் அண்ணன் இல்லாமல் வேறு ஆர் என்று கேட்டேன். கசின் என்றார். சரி, தாய்மாமனின் மகன்? அவரும் கசின்தான். எனக்குத் தலை சுற்றியது. பெரியப்பாவின் மகனைக் கட்ட ஏலாது, அது கூடப்பிறந்தவனைக் கட்டுகிற மாதிரி. மாமாவின் மகனைக் கட்டலாம், எங்கள் ஆக்களில் அவன் முறை மச்சான். கட்டக்கூடியவனுக்கும் கட்டக்கூடாதவனுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நீங்கள் எப்படிக் குடும்பம் நடத்துகிறீர்கள் என்று, கூச்சத்தையும் மறந்து கேட்டுவிட்டேன். பிறாவ் கெம்பர் அப்போதுதான் கதிரையில் அமர்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “ரெண்டு பேரையும் கட்டக்கூடாது எண்டுதான் நாங்கள் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருக்கிறம்,” என்றார்.

இவரின் தீர்ப்பு

வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை. டேலிடம் இன்னும் சொல்லவில்லை, அவர் விடுதிக்குப் போய்விட்டார். அங்கே ஒரு மனிசி சட்டை தெரிவு செய்துகொண்டிருக்கிறா. நான் சொன்ன ஒரு ஓமினால். வேலை போனாலும் பரவாயில்லை, அந்த மனிசிக்கு என்ன சொல்லுவது என்று இவரிடம் அழுதேன்.

இவர் முழுக்கதையையும் கேட்டார். இரண்டு தரம் கேட்டார். நான் எங்கே பிழை விட்டேன் என்று அவருக்கு விளங்கவேயில்லை. தட்டில் கடுதாசியில்லாமல் விரலாலேயே கோடு போட்டுப் பார்த்தார், குழம்பில். பிறகு கை கழுவ எழும்பினார். “இஞ்சரும், நீர் சரியாத்தானே சொல்லியிருக்கிறீர். அவை ஏன் அண்ணனைப் போய் அண்ணன் இல்லை எண்டுகினம்?”

கேற்றின் திறப்பு

அடுத்தநாள் டேலிடம் பிறாவ் கெம்பர்தான் சொன்னார். நான் கோப்பிக் கோப்பையோடு கதவடியில் நின்றேன். டேல் என்னைக் கோபிக்கவில்லை, அதுதான் கூடக் கஷ்டமாக இருந்தது. ரூத்தைப் பொய்யோடு போக விடமாட்டேன், கரோலிடமும் உள்ளதைச் சொல்லவேண்டும் என்றார். அங்கே விடிந்து கொஞ்ச நேரத்தில் வீடியோவில் எடுத்தார். ரூத் தலையணையில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் கதிரையில், டேல் கேட்டதற்காக வந்திருந்த கரோல், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு எந்த நேரமும் எழும்பிப் போகத் தயாரான மாதிரி இருந்தார்.

பிறாவ் கெம்பர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். அப்போ அண்ணன் தம்பி இல்லை என்று கரோல் சொன்னார். இல்லை என்றார் பிறாவ் கெம்பர். ரூத் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கரோல், அண்ணன் தம்பி என்று முதலில் சொன்னது ஆர் என்று கேட்டார். டேல் கைத்தொலைபேசியை என் பக்கம் திருப்பினார். நான் தும்புத்தடியைத் தேடினேன், அது மற்ற அறையில் கிடந்தது.

நான் ஜெர்மனில் சொல்ல, பிறாவ் கெம்பர் ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குக் கூடப்பிறந்த ஆண் சகோதரம் இல்லை, பெரியப்பாவின் மகன்தான் எங்கள் வீட்டில் வளர்ந்தவர். என் கலியாணத்தில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி மோதிரம் வாங்கினது அவர். பெண்ணின் சகோதரம்தான் அதைச் செய்ய வேணும், அவர் செய்தார், ஆரும் ஒன்றும் கேட்கவில்லை. எங்களிடம் அதுக்கு வேறு சொல் இல்லை. பொய் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. இவ்வளவும் சொல்லி முடிக்க எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

கரோல், ஏதோ கணக்கைக் கூட்டிப் பார்க்கிற மாதிரி, அப்படியென்றால் உங்கள் முறைப்படி நானும் ரூத்தும் ஆர் என்று கேட்டார். நான் இதை எதிர்பார்க்கவில்லை. உங்களுக்கும் ஹைன்றிக்குக்கும் நடுவில் பெண்வழி எங்கேயும் வருகிறதா என்று கேட்டேன். இல்லை, தகப்பன், தகப்பனின் தகப்பன், அப்படியே மேலே என்றார். டேல் பக்கமும் அப்படித்தான். விரல் மடித்துப் பார்த்தேன், இரண்டு பக்கமும் ஒரே தலைமுறையில் வந்து நின்றது. அண்ணன் தம்பியின் பிள்ளைகள் அண்ணன் தம்பி, அவர்களின் பிள்ளைகளும் அப்படியே. வேறு மாதிரி வர வழியில்லை. பார்க்க ரூத்தான் மூத்தவர், ஆகவே ரூத் உங்களுக்கு அக்கா என்றேன்.

பிறாவ் கெம்பர் அதை மொழிபெயர்க்க முதல் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார். ரூத் கண்ணைத் திறந்தார். இருமினார், அது சிரிப்பு என்று பிறகுதான் தெரிந்தது. “அப்ப அக்கா சொல்லுறன் கேள், கரோல். கேற்றைத் திற.”

கரோல் ரூத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கைப்பையைத் திறந்து மூடினார். தன் வீட்டு இடுகாட்டில் இதுவரை ஆர் ஆரைப் புதைத்திருக்கிறார்கள் என்றே இனித் தனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்று முணுமுணுத்தார். பிறகு திரும்பக் கைப்பையைத் திறந்து, கேற்றுப் பூட்டைத் திறக்கிற ஒரு பெரிய இரும்புத் திறப்பை எடுத்து, ரூத்தின் போர்வையில் வைத்தார்.

“எனக்கு ஒண்டும் விளங்கேல்லை,” என்றார். “நீயே வைச்சிரு, அக்கா.”

இந்த வேலையில் நான் இன்னும் ஒருவருக்கும் சரியான பதில் சொன்னதில்லை, ஆனாலும் வருகிறவர்கள் போகும்போது வந்ததை விட ஒரு சொந்தக்காரராவது கூடத்தான் கொண்டு போகிறார்கள்.